நாலு லட்சத்துக்கு ஒரு ஸ்போர்ட்ஸ் கார்

யூஸ்டு ஸ்போர்ட்ஸ் கார் பத்தி யூடியூப்ல ஒரே ஒரு வீடியோ பார்த்துட்டீங்கன்னா போதும், அடுத்த பத்து நாளைக்கு வேற எதுவும் கண்ணுல படாது. எல்லாத்துலயும் ஒரே கார்தான் வரும்: மாஸ்டா எம்எக்ஸ்-5. 1989-ல் வந்தது, ரெண்டே சீட்டு, சின்ன எஞ்சின், பின் சக்கரம் தள்ளும். அமெரிக்காவுலயும் இங்கிலாந்துலயும் "கம்மி பட்ஜெட், ரிப்பேர் வராத ஸ்போர்ட்ஸ் கார் எது?"ன்னு யார் கேட்டாலும் முதல் பதில் அதுதான்.

நமக்கு அந்தப் பதில் உதவாது. அந்தக் கார் இந்தியாவுல விற்கப்பட்டதே இல்ல. பழசா இறக்குமதி பண்ணலாம்னு நினைக்காதீங்க. தயாரிச்சு 3 வருஷத்துக்கு மேல ஆன காரை இங்க கொண்டு வர விதி இடம் கொடுக்காது. அதுக்குள்ள இருக்குற காரா இருந்தாலும், கட்டுற வரியில இங்க இன்னொரு நல்ல கார் வாங்கிடலாம். நம்ம நாட்டுலயே செஞ்ச ரெண்டு சீட்டு கார்னா கோவாவுல தயாரான சான் ஸ்டார்ம்தான் ஞாபகம் வரும். அதை நேர்ல பார்த்தவங்களே நம்ம காலேஜ்ல ரெண்டு மூணு பேர்தான் இருப்பாங்க.

அதனால நம்ம ஊர்ல ஸ்போர்ட்ஸ் கார்னா, வீட்டுக்கார் உருவத்துல இருக்குற கொஞ்சம் துடுக்கான கார்னுதான் அர்த்தம். நாலு கதவு இருக்கும், டிக்கியில அரிசி மூட்டை போகும். ஆனா வளைவுல சிரிக்க வைக்கும். ஃபியட் பாலியோ 1.6, ஃபோர்டு ஐகான், ஃபியஸ்டா 1.6 எஸ், மாருதி ஸ்விஃப்ட், போலோ ஜிடி, அபார்த் புன்ட்டோ. இந்தப் பட்டியல் உங்களுக்கும் மனப்பாடமா இருக்கும்.

போன வருஷம் எங்க வீட்டுல இப்படி ஒரு கார் வாங்கினோம். மூணு மாசம் தேடினேன். தேடும்போது தெரிஞ்சுக்கிட்டதை, இனிமே தேடப் போற உங்களுக்காக எழுதுறேன்.

பணம் எங்கிருந்து வந்தது

இதை முதல்லயே சொல்லிடணும், ஏன்னா மத்த எல்லா முடிவும் இதுலதான் தொங்குது. எங்க வீடு காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துல. அப்பா அம்மா ரெண்டு பேரும் தறிக்காரங்க. சீட்டு முடிஞ்சு வந்த பணமும் கொஞ்சம் சேமிப்பும் சேர்ந்து 4 லட்சம் கையில இருந்துச்சு. கேக்க பெருசா இருக்கும். கூலிக் கணக்குல பார்த்தா, ரெண்டு பேரும் சேர்ந்து கிட்டத்தட்ட ரெண்டரை வருஷம் தறியில உட்கார்ந்த காசு அது.

கார் வேணும்கிறதுக்குக் காரணம் நான் இல்ல, ஆயா. மாசம் ஒரு தடவை வேலூருக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும். முட்டி மடங்காது, பஸ் படி ஏற முடியாது. ஒவ்வொரு தடவையும் வாடகைக் கார்தான். அப்பா ரெண்டு நிபந்தனை போட்டார். ஒண்ணு, ஒரு ரூபா கடன் வாங்கக் கூடாது. ரெண்டு, ஆயா ஏறி இறங்க முடியணும். "மத்தபடி நீ படிச்ச பையன், நீயே பாத்து எடு தம்பி"ன்னு சொல்லிட்டார். அந்தக் கடைசி வரிதான் என்னை மூணு மாசம் தூங்க விடல. எனக்குப் பிடிச்ச கார் வேணும், அது வேலூர் போற வழியில ஆயாவை வெச்சுக்கிட்டு நிக்கவும் கூடாது.

பேப்பர்ல போட்ட கணக்கு

நாமெல்லாம் இன்ஜினியரிங் பசங்க, முதல்ல எக்செல் ஷீட்தான் திறப்போம். நானும் திறந்தேன். எஞ்சின் குதிரைத்திறனை எடையால வகுத்து, ஒரு டன்னுக்கு எவ்வளவுன்னு போட்டுப் பார்த்தேன்.

ஃபியஸ்டா 1.6-க்கு 101 குதிரைத்திறன், எடை 1,100 கிலோவைத் தாண்டும். போலோ ஜிடி டிஎஸ்ஐக்கு 105, எடை அதே ரகம். 2015-க்கு அப்புறம் வந்த ஃபிகோ 1.5 டீசலுக்கு 100, எடை கொஞ்சம் கம்மி. 2011-ல் வந்த ரெண்டாம் தலைமுறை ஸ்விஃப்ட் பெட்ரோலுக்கு 87 மட்டும்தான், ஆனா எடை சுமார் 965 கிலோ. வகுத்துப் பாருங்க: எல்லாமே சுமாரா 90-லிருந்து 97-க்குள்ள வந்து விழுது. அபார்த் புன்ட்டோ மட்டும் 145 குதிரைத்திறன், டன்னுக்கு 120-ஐத் தாண்டுது. அது என் பட்ஜெட்டையும் தாண்டுது.

அதாவது, ஹாஸ்டல்ல நாம ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் சண்டை போடுற கார்களுக்கு நடுவுல பேப்பர்ல வித்தியாசம் நூத்துக்கு ஏழெட்டுதான். டார்க், கியர் விகிதம் இதெல்லாம் வேற கதை, ஒத்துக்கிறேன். ஆனா பத்து வருஷம் ஓடின கார்ல கம்ப்ரஷன் கொஞ்சம் குறைஞ்சாலே, கிளட்ச் வழுக்கினாலே அந்த வித்தியாசம் காணாம போயிடும். இந்த பட்ஜெட்ல எந்த மாடல்ங்கிறதை விட, அந்த மாடல்ல எந்த வண்டிங்கிறதுதான் முக்கியம். நம்பர் பிளேட்டைப் பார்த்துதான் தேர்ந்தெடுக்கணும், பிராஷரைப் பார்த்து இல்ல.

ஆனா பேப்பர்ல கண்டிப்பா பார்க்க வேண்டிய வேற ரெண்டு கணக்கு இருக்கு. யாரும் வீடியோல சொல்லாதது.

முதல் கணக்கு, இன்சூரன்ஸ். 2022 ஜூன்ல வந்த தேர்டு பார்ட்டி கட்டணத்துல 1000 முதல் 1500 சிசி வரைக்கும் வருஷத்துக்கு 3,416 ரூபா. 1500-ஐத் தாண்டினா 7,897. வரி தனி. ஃபியஸ்டா எஞ்சின் 1596 சிசி. ஃபிகோ டீசல் 1498. இந்த 98 சிசிக்கு ஒவ்வொரு வருஷமும் ரெண்டு மடங்குக்கு மேல கட்டணும்.

ரெண்டாவது, வயசு. சொந்த உபயோகக் காருக்கு ஆர்சி 15 வருஷம்தான். அப்புறம் ஆர்டிஓ ஆபீஸ்ல காட்டி 5 வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கணும். 2022 ஏப்ரல்ல அந்தக் கட்டணத்தை 5,000 ரூபாயா ஏத்தினாங்க. பசுமை வரி தனியா வரும். 2009 மாடல் வண்டி சல்லிசா கிடைக்குதேன்னு குதிக்கிறதுக்கு முன்னாடி ஆர்சி எந்தத் தேதியோட முடியுதுன்னு பாருங்க. விலை ஏன் குறைஞ்சதுன்னு தானா புரியும்.

முதல் கார்: விலையே பேசிடுச்சு

சென்னைக்கு வெளியே ஒரு யார்டுல போலோ ஜிடி டிஎஸ்ஐ, 2014 மாடல். மத்த இடத்துல அஞ்சு லட்சத்தைத் தொடுற வண்டி இங்க 3.40. கருஞ்சிவப்பு, பாலிஷ் போட்டு கண்ணாடி மாதிரி நிக்குது. 1.2 லிட்டர் டர்போ, 7 கியர் டிஎஸ்ஜி. எனக்குக் கை நடுங்குச்சு, உண்மையைச் சொல்லணும்ல.

அந்த வகை டிரை கிளட்ச் கியர்பாக்ஸ்ல ரிப்பேர் வந்தா செலவு பெருசுன்னு படிச்சிருந்தேன், அதனால கியர் மாறுறதைத்தான் உன்னிப்பா கவனிச்சுக்கிட்டு இருந்தேன். அப்பா கூட வந்திருந்தார். அவருக்கு கார் பத்தி ஒண்ணும் தெரியாது, லைசென்ஸ் கூட இல்ல. ஆனா பின் கதவைத் திறந்ததும் மூக்கைச் சுளிச்சார். "டேய், மழையில பாவு நனைஞ்சு காயாம கெடந்தா ஒரு வாடை வருமே, அது வருது"ன்னார்.

கூட இருந்த எங்க மாமா ஓரிக்கையில மெக்கானிக் ஷெட் வெச்சிருக்கார். அவர் ஒண்ணும் பேசாம டிரைவர் சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்தார். சாதாரணமா நாம இழுக்காத அந்தக் கடைசி ஒரு முழம் பெல்ட்ல பழுப்பா ஒரு கோடு. சீட்டுக்கு அடியில தண்டவாளம் துரு. ஸ்டெப்னியைத் தூக்கினா அடியில காஞ்ச வண்டல். வெள்ளத்துல மூழ்கி எழுந்த வண்டி.

2015 டிசம்பர் வெள்ளமும் 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயலும் சென்னையில ஏகப்பட்ட கார்களை முங்க வெச்சது உங்களுக்குத் தெரியும். அதுல எல்லாமே ஸ்கிராப்புக்குப் போயிடல. துடைச்சு, சீட் கவர் மாத்தி, சுத்துப்பட்டு ஊர்ல விலை குறைச்சு விக்கிறவங்களும் இருக்காங்க. தண்ணி பட்ட வண்டி அன்னிக்கே நிக்காது. வயரிங் கனெக்டர்ல பச்சையா உப்பு பூத்து, ஒரு வருஷம் கழிச்சு ஒரு சென்சார், அப்புறம் ஏர்பேக் விளக்கு, அப்புறம் ஏபிஎஸ்னு ஒவ்வொண்ணா போகும். நெடுஞ்சாலையில வெச்சுப் போகும். எத்தனை விலை குறைச்சாலும் அது வேணாம்.

திரும்பி வர்றப்ப பஸ்ல அப்பா சொன்னது இது: பட்டுச்சேலை வாங்க வர்றவங்க முந்தானையைத்தான் விரிச்சுப் பார்ப்பாங்களாம். விஷயம் தெரிஞ்ச வியாபாரி சேலையைத் திருப்பி, கோர்வை சேர்ற இடத்தோட பின்பக்கத்தைப் பார்ப்பாராம். உடம்பும் பார்டரும் தனித்தனி நாடாவுல நெய்து பூட்டுற இடம் அது. வேலை சுத்தமா இல்லையான்னு அங்கதான் தெரியும். காருக்கும் இதே மாதிரி "பின்பக்கம்" உண்டு. அதை வரிசையா சொல்றேன்.

காரைத் திருப்பிப் பார்க்கிறது எப்படி

காலையில போங்க, எஞ்சின் ஆறி இருக்கணும். நீங்க வர்றதுக்கு முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி சூடாக்கி வெச்சிருந்தா, அது எதையோ மறைக்கத்தான்னு எடுத்துக்கோங்க. பானட்டைத் தொட்டுப் பாருங்க. குளிர்ந்த எஞ்சின்ல ஸ்டார்ட் பண்றப்ப சைலன்சர்ல நீலமா புகை வந்தா ஆயில் எரியுது. வெள்ளைப் புகை நிக்காம வந்தா கூலன்ட் எரியுதான்னு சந்தேகப்படணும். ஆயில் ஊத்துற மூடியைத் திறந்து அடியில பாருங்க, மோர் மாதிரி வெளுப்பா படிஞ்சிருந்தா ஆயில்ல தண்ணி கலந்திருக்கு.

பானட், ஃபெண்டர் போல்ட் தலைகளைப் பாருங்க. பெயின்ட் உடைஞ்சிருந்தா ஸ்பேனர் பட்டிருக்கு, அதாவது கழட்டியிருக்காங்க. கதவு ரப்பரை இழுத்து உள்ள வெல்டிங் புள்ளி கம்பெனி வெல்டிங் மாதிரி சீரா இருக்கான்னு பாருங்க. இடதும் வலதும் ஒரே மாதிரி இருக்கணும்.

டயர் பக்கவாட்டுல நாலு இலக்க எண் ஒண்ணு இருக்கும். 2319-ன்னா 2019-ஆம் வருஷம் 23-ஆவது வாரம் தயாரிச்சது. வண்டி ஓடின கிலோமீட்டர் 30,000-னு சொல்றாங்க, ஆனா ரெண்டாவது செட் டயரும் தேஞ்சிருக்குன்னா மீட்டரைத் திருப்பியிருக்காங்க. கிளட்ச் பெடல் ரப்பரும் ஸ்டீயரிங் தோலும் பொய் சொல்லாது.

புளூடூத் ஓபிடி ஸ்கேனர் ஒண்ணு வாங்குங்க, ஆன்லைன்ல சில நூறு ரூபாதான். பிழைக் குறியீடு வருதான்னு மட்டும் பார்க்காதீங்க. விக்கிறவர் நேத்து ராத்திரிதான் அதை அழிச்சிருக்கலாம். ஆப்ல "ரெடினஸ்"னு ஒரு பக்கம் இருக்கும். அங்க பல சோதனைகள் இன்னும் முடியலன்னு காட்டினா, சமீபத்துல அழிச்சிருக்காங்க, இல்லன்னா பேட்டரியைக் கழட்டியிருக்காங்க. ஏன்னு கேளுங்க.

இப்ப பங்க்ல வர்றது 20 சதவீதம் வரைக்கும் எத்தனால் கலந்த பெட்ரோல். 2023-க்கு முன்னாடி வந்த கார்கள் பெரும்பாலும் அதை மனசுல வெச்சு செஞ்சது இல்ல. அதனால பழைய பெட்ரோல் கார்னா எரிபொருள் ரப்பர் குழாய் வெடிச்சிருக்கான்னு பாருங்க. அதை மாத்தப் பெருசா செலவாகாது. மாத்தாம விட்டு பெட்ரோல் கசிஞ்சா தீ வரைக்கும் போகும்.

இன்னொண்ணு. மாத்தின சைலன்சர், ரீமேப், குறைச்ச சஸ்பென்ஷன், இதெல்லாம் "எக்ஸ்ட்ரா"ன்னு சொல்லி விப்பாங்க. என்னைப் பொறுத்தவரைக்கும் அது கழிக்க வேண்டிய கணக்கு. அந்த வண்டியை எப்படி ஓட்டியிருப்பாங்கன்னு அதுவே சொல்லுது. எஃப்சி காட்டுறப்பவும் இன்சூரன்ஸ் கேக்குறப்பவும் தலைவலி உங்களுக்குத்தான்.

ரெண்டாவது கார்: மனசு கேட்டது

வாலாஜாபாத் பக்கத்துல ரிட்டயர் ஆன ஒரு சார்கிட்ட ஃபியஸ்டா 1.6 எஸ், 2009. ஒரே ஓனர். 1.70 கேட்டார். கருப்பு கலர், எல்லா சர்வீஸ் பில்லும் ஒரு ஃபைல்ல தேதி வரிசையா.

இந்தக் கார் எனக்கு ஏன் ஸ்பெஷல்னா, இது மறைமலை நகர்ல செஞ்சது. 2019 நவம்பர்ல செங்கல்பட்டு தனி மாவட்டம் ஆகுற வரைக்கும் அது நம்ம காஞ்சிபுரம் மாவட்டம்தான். 1999-ல் ஐகான் அங்கிருந்துதான் வந்துச்சு. ஃபோர்டு இந்தியாவுல தயாரிப்பை நிறுத்துறதா 2021 செப்டம்பர்ல அறிவிச்சு, அடுத்த வருஷம் அந்தத் தொழிற்சாலையில கடைசி வண்டி இறங்கிடுச்சு. தறியை விட்டுட்டு ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், மறைமலை நகர்னு கம்பெனி பஸ் ஏறின ஒரு தலைமுறை எங்க தெருவுலயே இருக்கு. எங்க ஊர்க்காரங்க கை பட்ட கார் அது.

ஓட்டிப் பார்த்தேன். ஹைட்ராலிக் ஸ்டீயரிங். முன் டயர் எந்தக் கல்லு மேல ஏறுதுன்னு உள்ளங்கைக்குச் செய்தி வருது. ரெண்டாவது கியர்ல ஒரு வளைவு எடுத்து வெளியே வர்றப்ப அந்த சார் பக்கத்துல உட்கார்ந்து சிரிச்சார். "பதினாறு வருஷமா எனக்கும் அப்படித்தான் தம்பி இருக்கு"ன்னார்.

வாங்கல. ஏன்னு சொல்றேன். ஆர்சி 2024-லயே முடிஞ்சிடுச்சு, புதுப்பிக்கல. கதவுக்குக் கீழ இருக்குற ரன்னிங் போர்டுல துரு, மாமா ஸ்க்ரூடிரைவரை வெச்சு அழுத்தினப்ப உள்ள போச்சு. அதை வெட்டி வெல்டிங் பண்ணினாத்தான் எஃப்சி. இன்சூரன்ஸ் அந்த 1500-க்கு மேல இருக்குற அடுக்கு. உற்பத்தி நின்ன மாடல்ங்கிறதால சில பாகங்களுக்குக் காத்திருக்கணும். நான் தனியாளா, ரெண்டாவது வண்டியா வாங்குறேன்னா கண்ணை மூடிக்கிட்டு எடுத்திருப்பேன். வாரக் கடைசியில கழட்டி மாட்ட ஒரு ஷெட் இருக்கு, மாமா இருக்கார். ஆனா முதல் வியாழக்கிழமை காலையில ஆறு மணிக்கு ஆயாவை ஏத்திக்கிட்டுக் கிளம்பணும். அந்தக் கிளம்புற நேரத்துல "பார்ட்ஸ் வரல"ன்னு அப்பாகிட்ட சொல்ல முடியாது.

அந்த சார்கிட்ட காரணத்தை நேரா சொன்னேன். அவர் வருத்தப்படல. வாங்கப் போறதில்லன்னாலும் ஒழுங்கா காரணம் சொல்லிட்டு வாங்க, அது ஒரு மரியாதை.

மூணாவது கார்

ஸ்விஃப்ட் பெட்ரோல், 2013, இசட்எக்ஸ்ஐ. டாப் மாடல். ஓனர் ஒரு டீச்சரம்மா, பெரிய காஞ்சிபுரத்துல வீடு, டிஎன் 21 நம்பர். 68,000 கிலோமீட்டர். வெள்ளைக் கலர். பார்த்ததும் எந்தப் பரபரப்பும் வரல, அதையும் சொல்லிடுறேன். ஊர்ல பத்துல மூணு கார் அதுதான்.

ஏன் இசட்எக்ஸ்ஐ மட்டும்? 2014 ஜனவரியில குளோபல் என்கேப் அமைப்பு இந்தியக் கார்களை மோதிப் பார்த்துச்சு. ஏர்பேக் இல்லாத போலோவுக்கு 0 ஸ்டார். ரெண்டு ஏர்பேக் இருந்த போலோவுக்கு 4. அதே வருஷம் நவம்பர்ல ஏர்பேக் இல்லாத ஸ்விஃப்டையும் சோதிச்சாங்க, அதுக்கும் 0. அப்ப ஏர்பேக் கட்டாயம் இல்ல. அதனால பழைய கார் தேடுறவங்க மாடல் பேரோட நிறுத்தக் கூடாது, எந்த வேரியன்ட்னு பார்க்கணும். இசட்எக்ஸ்ஐல ரெண்டு ஏர்பேக்கும் ஏபிஎஸ்ஸும் உண்டு. வேகமா போகணும்னு ஆசைப்படுறவனுக்கு இது முதல் கேள்வியா இருக்கணும். 60-லிருந்து 80-க்கு ஏறினா வேகம் மூணுல ஒரு பங்குதான் கூடுது. ஆனா அரை எம் வி ஸ்கொயர் போட்டுப் பாருங்க, பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் 78 சதவீதம் கூடுது.

மெக்கானிக்கலா பார்த்தா, கே சீரீஸ் எஞ்சின்ல டைமிங் பெல்ட் இல்ல, செயின். பெல்ட் எப்ப மாத்தினாங்கன்னு விக்கிறவர் வார்த்தையை நம்பி உட்கார வேண்டியதில்ல. பார்ட்ஸ் எந்தத் தெருவுலயும் கிடைக்கும். ஆர்சி 2028 வரைக்கும் இருக்கு. ஸ்கேனர்ல எல்லா சோதனையும் முடிஞ்சதா காட்டுச்சு. சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்துப் பார்த்தோம், சுத்தம். குறைன்னு பார்த்தா டயர் நாலும் பழசு, சஸ்பென்ஷன் புஷ் தட்டுது, பின் பம்பர்ல ஒரு கீறல். 3.60 கேட்டாங்க. டயர் விலையையும் புஷ் வேலையையும் பேப்பர்ல எழுதிக் காட்டி 3.25-க்கு முடிச்சோம்.

விலை பேசுறப்ப "ப்ரோ, லாஸ்ட் எவ்ளோ"ன்னு கேக்காதீங்க. குறையை எழுதுங்க, அதுக்கு ஆகுற செலவை எழுதுங்க, கூட்டிக் காட்டுங்க. டீச்சரம்மா அந்தக் கணக்கைச் சரிபார்த்துட்டுதான் சரின்னாங்க.

பேப்பர் முடிஞ்சாத்தான் கார் உங்களுது

சாவி கைக்கு வந்ததும் ஓட்டிக்கிட்டுப் போயிடாதீங்க. ஃபார்ம் 29, ஃபார்ம் 30 ரெண்டுலயும் கையெழுத்து வாங்கி, ஆர்டிஓ ஆபீஸ்ல பெயர் மாத்தணும். வண்டிக்கு பேங்க் லோன் இருந்தா ஃபார்ம் 35-ம் பேங்க்கோட என்ஓசியும் வேணும். எம்பரிவாஹன் ஆப்ல நம்பரைப் போட்டு ஓனர் பேரு, இன்சூரன்ஸ் தேதி, அபராதம் பாக்கி எல்லாம் பாருங்க. சேஸிஸ் நம்பரை ஆர்சியோட ஒவ்வொரு எழுத்தா ஒத்துப் பாருங்க. இன்சூரன்ஸை உங்க பேருக்கு மாத்த 14 நாளுக்குள்ள விண்ணப்பிக்கணும்.

இதை விக்கிறவங்களுக்கும் சொல்லுங்க. ஆர்சியில யார் பேர் இருக்கோ அவங்கதான் சட்டப்படி ஓனர்னு 2018-ல் உச்ச நீதிமன்றம் தெளிவா சொல்லியிருக்கு. வித்துட்டேன்னு நினைச்சுக்கிட்டு இருக்கிற வண்டி எங்கயாவது மோதினா, நஷ்ட ஈடு கேட்டு நோட்டீஸ் அவங்க வீட்டுக்குத்தான் வரும்.

எங்க செலவுக் கணக்கு இது. கார் 3,25,000. நாலு டயர் 22,000. புஷ், பிரேக் பேட், எரிபொருள் குழாய், எல்லா ஆயிலும் 14,000. இன்சூரன்ஸ் 9,500. பெயர் மாத்த 2,500. மொத்தம் 3,73,000. மீதி 27,000-ஐ அம்மா பேங்க்ல போட்டுட்டாங்க, அது காரோட காசு, வேற எதுக்கும் தொடக் கூடாதுன்னு உத்தரவு. இதுதான் நான் உங்களுக்குச் சொல்ற ஒரே விதி: கையில இருக்குற முழுப் பணத்துக்கும் கார் பார்க்காதீங்க. அஞ்சுல ஒரு பங்கை ஒதுக்கிட்டு மீதிக்குப் பாருங்க.

அப்ப இது ஸ்போர்ட்ஸ் காரா?

நீங்க கேக்குறது புரியுது. வெள்ளை ஸ்விஃப்டைக் காட்டி ஸ்போர்ட்ஸ் கார்னு சொல்றானேன்னு.

நம்ம ஊர் ரேஸ் வரலாறைப் பாருங்க. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-ல் தொடங்குச்சு. உலகப் போர் காலத்து சோழவரம் ஓடுதளத்துல ரேஸ் நடத்தினாங்க. 1990-ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துல இருங்காட்டுக்கோட்டையில சொந்தமா டிராக் கட்டினாங்க. நம்ம மாவட்டத்துலயே இருக்கு, இன்னிக்கும் ரேஸ் நடக்குது, போய்ப் பாருங்க. அங்க ஓடுற எல்ஜிபி ஃபார்முலா 4 ஒத்தை சீட்டு ரேஸ் காருக்குள்ள இருக்குறது மாருதி எஸ்டீமோட 1.3 லிட்டர் எஞ்சின். நம்ம நாட்டு ரேஸ் டிரைவர்கள்ல நிறைய பேர் ஏறிப் பழகினது அதுமாதிரி வீட்டுக்கார் எஞ்சின் மேலதான்.

புது டயரும் புது புஷ்ஷும் போட்ட அப்புறம் அந்த ஸ்விஃப்ட் வேற வண்டி. ஸ்டீயரிங் ஃபியஸ்டா அளவுக்குப் பேசாது, ஆனா எடை கம்மிங்கிறதால திருப்பின இடத்துக்கு உடனே திரும்புது. ஞாயித்துக்கிழமை விடியக் காலையில செவிலிமேடு தாண்டி பாலாறு பாலம் வரைக்கும் போயிட்டு வர்றேன், 60-க்கு மேல போறதில்ல. சரியான கியர்ல சரியான இடத்துல பிரேக்கை விட்டு வளைவை எடுக்குறதுக்கு 60 போதும். அதுக்கு மேல வேணும்னா டிராக்குக்குப் போகணும். நம்ம ரோட்டுல எதிர்ல வர்றது யாரோட ஆயாவாவும் இருக்கலாம்.

வியாழக்கிழமை வேலூர் போறப்ப ஆயா முன் சீட்ல உட்காருவாங்க. வாலாஜா டோல்கேட் வர்றதுக்குள்ள தூங்கிடுவாங்க. அவங்க தலை ஆடாம காரைக் கொண்டு போறது, உண்மையிலேயே, நான் பழகினதுலயே கஷ்டமான டிரைவிங்.

நீங்க தேடிக்கிட்டு இருந்தீங்கன்னா ஓபிடி ஸ்கேனர் என் ரூம்ல இருக்கு, டயர் அளக்குற கேஜும் இருக்கு. வந்து எடுத்துட்டுப் போங்க, வேலை முடிஞ்சதும் திருப்பிக் கொடுங்க. காலையில நேரமே போங்க, எஞ்சின் ஆறி இருக்கணும். முடிஞ்சா வீட்டுல இருந்து ஒரு பெரியவரையும் கூட்டிட்டுப் போங்க. கார் தெரியலன்னாலும் பரவாயில்ல.